வளராத மில்

2005 தொடங்கி 2012 வரை திருகோணமலை மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய், மற்றவர்களுக்குச் சொந்தத் தொழில் நடத்தச் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் காலத்தில் எனக்கென்று இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். அதுவும் நிறுவனத்துடையது.

சுனாமி வந்து போன வருடங்கள் அவை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உவர்மலையிலும் உட்துறைமுக வீதிப் பக்கமும் வாடகைக்கு வீடு கிடைக்காது. எல்லாம் தொண்டு நிறுவன அலுவலகம். கொஞ்சம் இங்கிலீசும் மோட்டார் சைக்கிள் லைசன்சும் உள்ள இளந்தாரிகளுக்கெல்லாம் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்த பதவியின் பெயர் வாழ்வாதார உத்தியோகத்தர். கோழிக்குஞ்சு, தையல் மெஷின், மாவரைக்கும் மில், மீன் பெட்டி என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்து, கூடவே மூன்று நாள் பயிற்சியும் கொடுப்போம். பயிற்சியின் கடைசி நாளில் பெரிய வெள்ளைத்தாளில் ஒரு படிக்கட்டு கீறுவேன். முதல் படியில் ஒரு மெஷின். இரண்டாம் படியில் இரண்டு வேலையாட்கள். மூன்றாம் படியில் சொந்தப் பெயரில் பக்கெட். நாலாம் படியில் கொழும்பு. அதற்கு மேலே ஒரு கப்பலையும் கீறி வைப்பேன். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடியபோது, நாங்கள் கொடுத்த தையல் மெஷின்கள் அங்கேயே கிடந்தன. மூன்று மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூதூர்ப் பயனாளிகளின் மாத வருமானம் எத்தனை வீதம் கூடியிருக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

தம்பலகாமத்தில் ஓர் அக்காவுக்கு 2007இல் சின்னதாக ஒரு மில் கொடுத்தோம். அரிசிமா அரைக்கிற மில். 2010இல் போய்ப் பார்த்தேன். அதே மில், அதே தகரக் கொட்டில், அதே ஆள். இரண்டாவது மெஷின் வாங்கவில்லை, பெயர்ப்பலகை போடவில்லை. கணக்கு எழுதக் கொடுத்த கொப்பியில் மகள் பூக்கள் கீறி வைத்திருந்தாள். “கணக்கு எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு சேர்” என்றார். அறிக்கையில் அவருடைய பெயருக்கு நேரே நான்கு சொற்கள் எழுதினேன். தொழில் நடக்கிறது. வளர்ச்சி இல்லை.

அப்புறம் போரும் முடிந்தது, நிதியும் முடிந்தது, 2012இல் எங்கள் அலுவலகத்தையும் பூட்டினார்கள். இரண்டு வருடம் ஒரு கடையில் கணக்குப் பார்த்தேன். 2014இல் பாலையூற்றில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, மிளகாய்த்தூள் அரைக்கிற மில் ஒன்றைப் போட்டேன். மற்றவர்களுக்கு இத்தனை மில் கொடுத்தவனுக்கு வேறு என்ன தொழில் தெரியும்?

முதலுக்கு வங்கிக்குப் போனேன். காணி உறுதி இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்களுடையது பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்தது. அதில் வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம், பிள்ளைகளை வளர்க்கலாம், ஆனால் நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் நிலைமை. உறுதி இருந்தவர்களில் பலர் அதை ஏதோவொரு இடப்பெயர்வில் தொலைத்தும் இருக்கிறார்கள். காணி இல்லாவிட்டால் அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். அரச உத்தியோகத்தில் இருந்த என் சொந்தக்காரர்கள் எல்லோரும் மற்றச் சொந்தக்காரர்களுக்கு ஏற்கனவே கையெழுத்து வைத்து முடித்திருந்தார்கள். கடைசியில் மனைவியின் நகைகள் அடைவுக்குப் போயின. சொந்தத் தொழில் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் ‘மூலதனம்’ என்று ஒரு சொல் வரும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பொருள் தாலிக்கொடி.

பதிவு வேலை பயந்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. கிராம சேவகரின் கையெழுத்து, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, நகரசபையில் அனுமதிப்பத்திரம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ., வந்து பார்ப்பது, தராசுக்கு வருடாவருடம் முத்திரை. நடக்க வேண்டியதுதான், ஆனால் நடக்கும். மூன்று பேஸ் கரண்ட் எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது.

மிளகாய்க்கு ஒரு மெஷின், பத்துக் குதிரைவலு. அரிசிமாவுக்குத் தனியாகக் கொஞ்சம் சிறியது. இரண்டையும் ஓடவிட்ட முதல் நாள் பக்கத்து வீட்டில் நான்கு பேரும் தும்மினார்கள். இரண்டாம் நாள் சண்டைக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் நான் மேற்குச் சுவரை இன்னும் நான்கு அடி உயர்த்தினேன். அந்தச் செலவு எந்தத் திட்டத்திலும் இல்லை.

இந்த ஊரில் மில் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் சிலர் சீனக்குடாவைக் காட்டுவார்கள். அங்கே கடற்கரையில் பிரிமாவின் மா ஆலை நிற்கிறது, கப்பலிலிருந்து கோதுமையை உறிஞ்சி எடுக்கிற ஆலை. நானும் அவர்களும் ஒரே தொழில்தான். அவர்களுக்குக் கப்பல், எனக்கு ஷொப்பிங் பை.

அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மில்லுக்கு வரும் பையை அவிழ்த்தால் அது எந்தப் பக்கத்துப் பை என்று இப்போது அநேகமாகச் சொல்லிவிடுவேன். எங்கள் ஆட்கள் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்து ஒன்றாகக் கொண்டுவருவார்கள். ஒரே தூள்தான், மீனுக்கும் அதுதான், கத்தரிக்காய்க்கும் அதுதான். ஜமாலியாவிலிருந்து வரும் தாத்தாமாரின், அதாவது முஸ்லிம் அக்காமாரின், இறைச்சித் தூளில் கறுவா, ஏலம், கராம்பு தூக்கலாக இருக்கும், காய்ந்த றம்பை இலையும் கிடக்கும். அபயபுரப் பக்கத்துச் சிங்கள வீடுகளில் மிளகாய் வேறாக வரும், சரக்கு வேறாக வரும். சரக்கைக் கிட்டத்தட்டக் கறுக்குமட்டும் வறுத்திருப்பார்கள். அங்கிருந்து வரும் அம்மா ஒருவர் வாசலில் நின்று “மல்லி, மல்லி” என்று கூப்பிடுவார். சிங்களத்தில் அது தம்பி. வேலைக்கு நின்ற பொடியன் புதிது. அவர் கூப்பிடும்போதெல்லாம் மல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

மூன்று பேரும் ஒரே சந்தேகத்தோடுதான் வருவார்கள். ‘என்னுடைய தூளில் மற்றவரின் தூள் கலந்துவிடும்.’ கலக்கத்தான் செய்யும். முன்னால் அரைத்தவரின் தூள் ஒரு பிடி மெஷினுக்குள் நிற்கும், அது உங்களுக்கு வரும். உங்களுடையது ஒரு பிடி நிற்கும், அது அடுத்தவருக்குப் போகும். கணக்கு சரி. ஆனால் எந்த மனிதரும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டதில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் இடையில் மெஷினைத் தட்டி, தூரிகையால் கூட்டி, ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓடவிட்டோம். தராசை உள்ளேயிருந்து எடுத்து வாசலில் வைத்தோம். அரைக்க முன்னும் நிறுவை, அரைத்த பின்னும் நிறுவை. “மூண்டு கிலோ கொண்டுவந்தன், இரண்டே முக்கால்தான் இருக்கு” என்ற பேச்சு அன்றோடு குறைந்தது. ஏழு வருடப் பயிற்சியில் நான் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்காத விளம்பரம் இந்தத் தராசுதான்.

பொங்கலுக்கு அரிசிமா. சித்திரை வருடப்பிறப்புக்குப் பலகார மா. நோன்பு காலத்தில் பின்னேரம் நான்கு மணி வரை மெஷின் நிற்காது. ஆடி, ஆவணியில் வெளிநாட்டுச் சனம். அதற்குப் பிறகு வருகிறேன். மாரிக்காலத்தில்தான் இழுபறி. வெயில் இல்லாமல் மிளகாய் காயாது, காயாத மிளகாயை அரைத்தால் மெஷின் அடைக்கும். கார்த்திகையில் சும்மா இருந்து மழையைப் பார்த்த நாட்கள் உண்டு.

அப்போது கிலோவுக்கு முப்பது ரூபா அரைகூலி. கேட்கச் சின்னக் காசு. ஆனால் அந்த முப்பது ரூபாவைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மிளகாய் என்னுடையது இல்லை. அது விலை ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு ஒன்றுமில்லை. பூஞ்சணம் பிடித்தால் என் நட்டம் இல்லை. ஆள் போக முன் காசு கைக்கு வந்துவிடும். பின்னேரம் கதவைச் சாத்தும்போது லாச்சிக்குள் இருப்பது முழுக்க என் காசு. இரண்டு வருடத்தில் நகைகளை மீட்டேன். இது நான் பிற்பாடு கண்டுபிடித்த அறிவு. அந்த நேரத்தில் எனக்கு இது ஒரு தொழிலாகவே தெரியவில்லை. முதல் படியிலேயே நிற்கிறோம் என்று தோன்றியது.

2017இல் மூன்றாம் படிக்கு ஏறினேன். சொந்தப் பெயரில் பக்கெட். பெயரைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. இம்முறை மைத்துனரின் காணி உறுதியை வைத்து எட்டு இலட்சம் கடன் எடுத்தேன். சீல் அடிக்கிற மெஷின், வறுக்கிற பெரிய தாச்சி, ஒரு பழைய முச்சக்கரவண்டி, அச்சடித்த பை. லேபலில் மூன்று மொழியும் வேண்டும், திகதிகள் வேண்டும், நிறை வேண்டும், விலை வேண்டும். பத்தாயிரம் பைக்குக் குறைய அடிக்க மாட்டோம் என்றார்கள். பத்தாயிரமும் வந்து இறங்கிய அன்று மாலை, மல்லி என்று கூப்பிடும் அந்த அம்மா ஒரு பையைக் கையில் எடுத்து வாசித்துவிட்டு, சிங்களத்தில் ஓர் எழுத்துப் பிழை என்றார். பத்தாயிரத்திலும் பிழை. அப்படியே விற்றோம்.

இனிக் கணக்கு. நூறு கிராம் பக்கெட். சாமானும் வறுத்து அரைக்கிற செலவும் 38 ரூபா. பையும் லேபலும் 6. முச்சக்கரவண்டிக்கும் கொண்டுபோய்ப் போடுகிறவருக்கும் 7. மொத்தம் 51. கடைக்கு 60க்குக் கொடுத்தேன். பக்கெட்டுக்கு ஒன்பது ரூபா இலாபம், நூறு பக்கெட்டுக்கு 900. படிக்கட்டுப் படத்தில் இந்த இடத்தோடு வெள்ளைத்தாள் முடிந்துவிடும்.

நூறில் எட்டுத் திரும்பி வந்தது. மாரியில் கட்டிபட்டது, எலி கடித்தது, திகதி முடிந்தது, சும்மா விலைப்படாதது. திரும்பி வந்ததைக் கொட்டத்தான் வேண்டும். ஆக விற்றது 92, வரவு 5520. செலவு 5100. மிச்சம் 420. இந்த 420க்குள் கடன் வட்டி இருக்கிறது. இரண்டு வேலையாட்களின் சம்பளத்துக்கு நான் கட்ட வேண்டிய சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம் இருக்கிறது. என் சம்பளம் எங்கே என்று என் மனைவி ஒருநாள் கேட்டார். நான் கல்குலேட்டரை மறுபடி தட்டினேன்.

அந்த 420கூட உடனே வருவதில்லை. கடைக்காரருக்கு முப்பது நாள் தவணை. முப்பது நாற்பத்தைந்தாகும், நாற்பத்தைந்து தீபாவளியாகும். ஒரு பெரிய கடை இரண்டு மாதத் தவணையில் எடுத்துக்கொண்டு, மூன்றாம் மாதத் திகதி போட்ட செக் தந்தது. அதுவும் திரும்பிற்று. போய்க் கேட்டபோது முதலாளி தேத்தண்ணி தந்தார், பணிஸ் தந்தார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். காசு தரவில்லை. நான் அவரைக் கோபிக்கவும் முடியாது. அவருடைய ராக்கையில் என் பக்கெட் இருக்க வேண்டும், இடம் அவருடையது. சொந்தத் தொழில் செய்தால் ஒருவருக்கும் கைகட்டி நிற்கத் தேவையில்லை என்று ஏழு வருடம் சொன்னவன் நான். அந்த வருடம் நாற்பத்திரண்டு முதலாளிமாருக்கு முன்னால் கைகட்டி நின்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அதே நேரத்தில் எனக்கு மிளகாய்க் காம்பு கிள்ளித் தந்த ஆறு பெண்களில் நான்கு பேருக்குக் கிழமைக் கடன் இருந்தது. நுண்கடன் கொம்பனிக்காரன் கிழமைக்கு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வருவான். அன்று காலையில் அவர்கள் என்னிடம் முன்காசு கேட்பார்கள். 2018இல் அரசாங்கம் அந்தக் கடன்களுக்கு 35 வீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று வரையறை வைத்தபோது, அவர்களில் ஒருவர் நல்ல செய்தி என்று சந்தோசப்பட்டார். 35 வீதம் நல்ல செய்தி! அதில் ஒருவர் அந்தக் கடனைக் கோழி வளர்க்க எடுத்தவர். கோழிப் பயிற்சியை எந்த நிறுவனம் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

கடைகள் சரிவராததால் ஹோட்டல்களைப் பிடித்தேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சின்ன விடுதிகள் ஏராளம். இங்கே சீசன் மே தொடங்கி செப்டெம்பர் வரை, கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள். புறாத்தீவுக்குப் படகு ஓடும் காலம். விடுதிக்காரர்கள் கிலோக்கணக்கில் எடுத்தார்கள், எழுத்துப்பிழை லேபலும் தேவையில்லை. ஒரே ஒரு நிபந்தனை. சீசன் முடியத்தான் காசு. 2018 சீசன் நன்றாகவே போனது. ஒக்டோபரில் எல்லோரும் தந்தார்கள். அந்தத் தைரியத்தில் 2019 ஏப்ரல் நடுப்பகுதியில், வருடப்பிறப்பு முடிந்த கையோடு, ஒன்பது விடுதிகளுக்குச் சாமான் இறக்கினேன்.

ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள். அவ்வளவு சாவுக்கு முன்னால் என் மிளகாய்த்தூளைப் பற்றி எழுதுவது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் கிழமையே விடுதிகளில் பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவராக இரத்துச் செய்தார்கள். மே மாதம் நிலாவெளிக் கடற்கரையில் நாய்கள் மட்டும் படுத்துக் கிடந்தன. ஒன்பதில் மூன்று விடுதிகள் சாமானைத் திருப்பித் தந்தன. இரண்டு பேர் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தந்து தீர்த்தார்கள். மற்ற நான்கும் பூட்டிவிட்டன. அந்த வருடம் ஊருக்குள் என் காசு ஆறரை இலட்சம் கிடந்தது. கொப்பியில் பார்த்தால் நான் வசதியான ஆள்.

இன்னொரு மாற்றத்தையும் அந்த மாதங்களில் கண்டேன். ஜமாலியாத் தாத்தாமார் மில்லுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் வாசலில் நிற்காமல் பையை வைத்துவிட்டு ஓரமாகப் போய் நிற்பார்கள். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் தீவிரவாதிகள் என்று தெரிந்த பிறகு, மற்றவர்கள் அவர்களைப் பார்த்த பார்வை அப்படி. நோன்பு தொடங்கி இரண்டாம் கிழமை, மெஷினின் பக்கத்தில் எப்போதும் நிற்கிற ஒருவரைக் காணாமல் அவருடைய மகனிடம் விசாரித்தேன். “உம்மா பயப்படுறா நானா, நான் கொண்டுவந்திருக்கன்” என்றான். பன்னிரண்டு வயது இருக்கும்.

2020இல் ஊரடங்கு. அதைப் பற்றி எல்லோருக்கும் ஒரே கதைதான், விடுகிறேன். எங்கள் தொழிலுக்கென்று அந்த வருடம் தனியாக ஒரு கதை இருந்தது: மஞ்சள். இறக்குமதியைத் தடை செய்தார்கள். உள்நாட்டு மஞ்சள் காணாது. கிலோ ஐயாயிரத்தைத் தாண்டியது. இந்தியாவிலிருந்து மன்னார்க் கரைக்கு வள்ளத்தில் மஞ்சள் கடத்துகிறார்கள் என்று செய்தி வந்தது. ஒரு காலத்தில் தங்கம் கடத்திய கடல். கோதுமை மாவுக்கு நிறம் போட்டு மஞ்சள் என்று விற்று அகப்பட்டவர்களும் உண்டு. என்னிடமும் ஒருவர் வந்தார், அரிசிமாவில் பாதிக்குப் பாதி கலந்து அரைத்துத் தரச்சொல்லி. கிலோவுக்கு என் அரைகூலியைப் போல பத்து மடங்கு தருவதாகச் சொன்னார். மாட்டேன் என்றேன். நல்லவன் என்பதால் இல்லை. அதற்குப் பிறகு அந்த வாசல் தராசுக்கு என்ன மதிப்பு என்ற யோசனைதான். இரண்டு இரவு அந்தக் காசைப் பற்றி நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பிறகு 2022. மார்ச் ஆரம்பத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே நடுவில் 360. காய்ந்த மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது, கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கேஸ் சிலிண்டர் கதையும் இதுதான். 2021 ஒக்டோபருக்கு முதல் 1493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரல் கடைசியில் 4860. மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. மெஷின் ஓடுகிற நேரத்தை ஒரு மட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன். சனம் இரவு பத்து மணிக்கும் பையோடு வந்தது.

தவணை என்பது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெப்ரவரியில் கடைகளுக்கு ஆயிரம் பக்கெட் போட்டேன். மே மாதம் காசு வந்தது. ஒருவரும் ஏமாற்றவில்லை, சொன்ன தொகை, சதம் குறையாமல். அந்தக் காசைக் கொண்டுபோய் மிளகாய் வாங்கினால் ஐந்நூறு பக்கெட்டுக்குத்தான் கண்டது. மற்ற ஐந்நூறு பக்கெட்டும் எங்கே போயின? நான்தான் கொடுத்தேன், கடைக்காரர்களுக்கு, சும்மா. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் முந்தைய வருடத்தைவிட 69.8 வீதம் ஏறி நின்றதாக அறிவித்தார்கள். எனக்கு அந்த இலக்கம் தேவைப்படவில்லை, பக்கெட்டை எண்ணித் தெரிந்துகொண்டேன். ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் கூடியது, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம்.

2022 யூனிலேயே பக்கெட்டை நிற்பாட்டினேன். சீல் மெஷினை விற்றேன். முச்சக்கரவண்டியை விற்றேன், பெற்றோல் வரிசையில் நிற்க ஆள் இல்லாமல் அது சும்மா நின்றது. பிழை எழுத்துப் பைகளில் இரண்டாயிரம் மிச்சம். மனைவி அதில் உப்பும் பருப்பும் போட்டு வைத்திருக்கிறார், இன்னும் முடியவில்லை. கடன் மட்டும் 2024 வரை ஓடியது. அதைக் கட்டியது முழுக்க அரைகூலி. எட்டு இலட்சக் கடனை முப்பதும் நாற்பதும் ஐம்பதுமாகக் கட்டினேன், கடைசி வருடங்களில் கிலோவுக்கு நூறு.

வேடிக்கை என்னவென்றால், 2022இல் அரைக்க வந்த சனம் கூடியது. கடைத்தூள் விலை எட்டாமல் போனதும் வீட்டிலேயே வறுத்துக் கொண்டுவந்தார்கள். விறகில் வறுத்தார்கள். ஒரு கிலோ, அரைக் கிலோ, கடைசியில் கால் கிலோ. கால் கிலோ போட்டால் பாதி மெஷினுக்குள்ளேயே நின்றுவிடும். அதனால் ஒரு ஒழுங்கைச் சனம் நான்கைந்து வீட்டு மிளகாயை ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுவந்து, அரைத்த பிறகு வாசல் தராசில் பிரித்தார்கள். மற்றவரின் தூள் கலக்கும் என்ற பேச்சை அந்த வருடம் நான் கேட்கவில்லை.

இனி, சொந்தத் தொழிலால் வாழ முடியுமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது? வருகிறார்கள், முக்கியமாக கட்டாரிலிருந்து திரும்பிய பொடியள். முடியும் என்றுதான் சொல்கிறேன். இந்த ஊரில் வழி இருக்கிறது. ஆடியில் கோணேசர் கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் வருகிற கனடா, லண்டன் சனம் திரும்பிப் போகும்போது பெட்டிக்குள் முதலில் வைப்பது தூள்தான். ஒரு குடும்பத்துக்கு எட்டுக் கிலோ, பத்துக் கிலோ. மாமியின் கைப்பக்குவப்படி, மாமி பக்கத்தில் நின்று பார்க்க. வறுத்து அரைத்து இரட்டைப் பையில் கட்டித் தருகிறேன், முற்பணம் வாங்கிக்கொண்டு. நான் கீறிய கப்பலுக்குப் பதில் விமானம், மற்றபடி ஏற்றுமதிதான். இப்போது என் வருட வரவில் மூன்றில் ஒரு பங்கு அந்த இரண்டு மாதத்தில்தான்.

வருகிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன். உன் சாமான் போன பிறகு காசு வரும்வரை எத்தனை நாள்? சந்தை எவ்வளவு பெரிது, இலாபம் எத்தனை வீதம் என்பதெல்லாம் பிறகு. பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பதில் வராது. லோகோ என்ன நிறம் என்பதற்குப் பதில் இருக்கும்.

2023 பொங்கலுக்கு முதல் கிழமை சிவப்புப் பச்சரிசி வாங்கத் தம்பலகாமம் போனேன். திரும்பி வரும்போது அந்தத் தகரக் கொட்டில். உள்ளே மெஷின் சத்தம். சைக்கிள்கள் ஏழெட்டு வெளியில் நின்றன. அந்த அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு “சேர்” என்றார். என் சட்டையில் மிளகாய்த்தூள் கறையைப் பார்த்து, விசயத்தைக் கேட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகு தம்பி என்றார்.

போன வருடம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன்.

“காசு இல்லாத ஆக்கள் அரிசி தருவினம். நாலு கொத்து அரைச்சா ஒரு சுண்டு. முந்தியும் அப்பிடித்தான், உங்களுக்குச் சொன்னா எழுதமாட்டீங்கள் எண்டு சொல்லேல்ல. அரிசி விலை ஏறினா என்ட கூலியும் ஏறும்தானே.”

நான் வாங்கிய அரிசியில் இரண்டு கிலோவை இறக்கச் சொன்னார். என்னிடமே மில் இருக்கிறது என்றேன். “உங்கட மில்லில தும்மல் வரும் தம்பி. பொங்கல் மாவுக்கு என்ட மில்தான்.” மகள் வந்து அரிசியை வாங்கிக் கொட்டினாள். பூக்கள் கீறிய மகள்தான். இப்போது அவள்தான் மெஷினைப் பார்க்கிறாள்.

“அப்ப என்னைப் பத்தி ரிப்போட்டில என்ன எழுதினீங்கள்?”

“தொழில் நடக்கிறது எண்டு எழுதினன்.”

“அது சரி” என்றார்.

மற்ற இரண்டு சொற்களை நான் சொல்லவில்லை. மா சூடாக இருந்தது, பையின் வாயைக் கட்டாமல் கொஞ்சம் ஆறவிடச் சொன்னார். பிறகு தராசில் வைத்து நிறுத்து, அரைகூலியைக் கேட்டு வாங்கினார்.